விமானப் பிரயாணத்தில் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஏப்ரல் சீசன் முடிந்து கல்லாப்பெட்டியில் நாலு காசு தங்கும்போதுதான் நுவரெலியா வியாபாரிகளுக்குப் பிரயாண நினைவு வரும். உம்ராவுக்குப் போகிறவர், சரக்குப் பார்க்கச் சீனாவுக்குப் போகிறவர், லண்டனில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறவர் என்று பஸாரில் நாலு கடைக்கு ஒருவராவது இருப்பார். முன்பெல்லாம் இவர்களிடம் "டிக்கட் என்ன விலைக்குப் போட்டீங்க?" என்றுதான் கேட்போம். இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. "எகொனமியா, பிஸ்னஸ் கிளாஸா?"

இந்தக் கேள்வி இந்த வருடம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உம்மாவுக்கு 76 வயது. இன்னொரு முறை மக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஹட்டனில் இருக்கும் தங்கை, "நானா, உம்மாவுக்கு பிஸ்னஸ் கிளாஸ் போடுவோம், நாங்க மூணு பேரும் பங்கு போட்டுக் கட்டுவோம்" என்கிறாள். கொழும்பில் இருக்கும் தம்பி, "ஆறு மணித்தியாலப் பயணத்துக்கு அவ்வளவு சல்லியா? இது இஸ்ராஃப் இல்லையா?" என்று கேட்கிறான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தபடியால், மூத்தவனான நான் வழக்கம்போல் கணக்குக் கொப்பியைத் திறந்தேன். அந்தக் கணக்கு மற்றவர்களுக்கும் உதவலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், விமானத்தில் விற்கப்படும் சரக்கு என்ன என்பதை வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டும். எகொனமி வகுப்பில் ஓர் ஆசனத்துக்கும் அதற்கு முன்னுள்ள ஆசனத்துக்கும் இடைப்பட்ட தூரம் சாதாரணமாக 31 அல்லது 32 அங்குலம். அகலம் 17 அல்லது 18 அங்குலம். போயிங் 777 விமானங்களில் முன்பு ஒரு வரிசைக்கு ஒன்பது பேரை இருத்தினார்கள். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் பத்துப் பேரை இருத்துகின்றன. விமானத்தின் உடல் பெருக்கவில்லை, ஆசனம்தான் சிறுத்தது. மறுபக்கத்தில், 2000 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் பிஸ்னஸ் வகுப்பில் முழுமையாக நீட்டிப் படுக்கும் ஆசனத்தைக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போய்விட்டன. இரண்டுக்கும் நடுவே பிரிமியம் எகொனமி என்றொரு வகுப்பு இருக்கிறது. 1992 இல் தாய்வானின் ஈவா எயாரும் இங்கிலாந்தின் வேர்ஜின் அட்லாண்டிக்கும் அதை ஆரம்பித்தன. நம்மவர்கள் அதிகம் ஏறும் எமிரேட்ஸ் 2021 இல்தான் அந்த வழிக்கு வந்தது.

பின்னால் இருப்பவனை நெருக்குவதற்கு இட மிச்சம் மட்டும் காரணமில்லை. பின்னால் உள்ள கஷ்டத்தைக் கண்டு, கொடுக்க வசதியுள்ளவன் தானாக முன்னால் வர வேண்டும் என்பதும் ஒரு காரணம். இது நான் கண்டுபிடித்ததல்ல. ஜூல்ஸ் டுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1849 இலேயே புகையிரதத்தைப் பற்றி இதை எழுதிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைச் செலவுக்குப் பயந்தல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது என்பதற்காகவே என்பது அவருடைய வாதம். நானும் கடை வைத்திருப்பவன். மலிவான ஜேர்சியை உள்ளே மடித்து வைத்து, விலை கூடியதைக் கண்ணாடிக்குள் தொங்கவிடுபவன். ஆகவே விமான நிறுவனங்களின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் விற்கிறார்கள். வாங்குபவன் தனக்கு எது தேவை என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி விலை. பிஸ்னஸ் வகுப்பு சாதாரணமாக எகொனமியின் மூன்று, நான்கு மடங்கு. உதாரணத்துக்கு, லண்டனுக்குப் போய்வர எகொனமி 2 இலட்சம், பிஸ்னஸ் 6 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 இலட்சம். கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலம், போக வர 22. அப்படியானால் ஒரு மணித்தியால வசதியின் விலை 18,000 ரூபாவுக்கு மேல். எங்கள் கடைக்கு வரும் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து, கொடுப்பனவும் சேர்த்து, 1,750 ரூபாவாக்குவதாக 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். அந்தச் சம்பளத்தில் பத்து நாள் கொழுந்து பறித்தால்தான் ஆகாயத்தில் ஒரு மணித்தியாலம் காலை நீட்டலாம். இதைச் சொல்லி யாரையும் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. நான் விற்கும் சரக்கையும் அந்தச் சம்பளத்தில்தான் வாங்குகிறார்கள் என்பதால் இந்த அளவுகோல் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

ஆனால் மலிவுதான் எப்போதும் இலாபம் என்று நினைத்து நானும் ஒரு முறை ஏமாந்தேன். 2018 இல் உம்மாவையும் வாப்பாவையும் உம்ராவுக்கு அழைத்துப் போனேன். வளைகுடா நகரமொன்றில் ஒன்பது மணித்தியாலம் காத்திருந்து மாறிப் போகும் டிக்கட் மலிவாகக் கிடைத்தது. மூன்று டிக்கட்டிலும் சேர்த்து 54,000 ரூபா மிச்சம். நுவரெலியாவிலிருந்து இரவு வேனில் புறப்பட்டு, றம்பொடை வளைவுகளில் உம்மா இரண்டு முறை வாந்தியெடுத்து, கட்டுநாயக்க வந்து, பறந்து, இறங்கி, இரும்புக் கதிரையில் ஒன்பது மணித்தியாலம் இருந்து, சனம் நெருக்கும் கழிவறையில் வாப்பா இஹ்ராம் உடுத்தி, மறுபடி பறந்து மக்கா போய்ச் சேரும்போது உம்மாவின் கால்கள் இரண்டும் பருத்து செருப்புக்குள் போகவில்லை. இருந்ததே பத்து நாட்கள். அதில் மூன்று நாட்கள் உம்மா அறையில் படுத்திருந்தார். ஹரத்தின் பாங்கு ஜன்னலால் கேட்கிறது, போக முடியவில்லை. அந்த மூன்று நாள் அறை வாடகை, வைத்தியர், மருந்து, சக்கர நாற்காலி தள்ளியவர்களுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 54,000 இல் ஒன்றும் மிஞ்சவில்லை. வாப்பா 2021 இல் வபாத்தானார். அவருக்கு அதுவே கடைசி உம்ரா. போன மூன்று நாளை எந்தக் கொப்பியில் எழுதுவது?

ஆகவே வசதிக்குக் காசு கொடுப்பது வீண்விரயம் என்று தம்பி ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரயாணம் கஷ்டமானது என்பதால்தானே மார்க்கமே பிரயாணிக்குக் கஸ்ர், ஜம்உ என்று சலுகை தந்திருக்கிறது. கஷ்டத்தைத் தேடிப் போய்ச் சுமப்பதில் தனியாக ஒரு நன்மையும் இல்லை. ஆனால் அந்த 2018 பயணத்தைத் திரும்ப யோசித்துப் பார்க்கையில், உம்மாவின் காலைக் கெடுத்தது எது என்ற கேள்வி வருகிறது. ஆசனமா? விமானத்துக்குள் இருந்தது மொத்தம் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. வேனில் ஆறு, கட்டுநாயக்கவில் நான்கு, இடைத்தரிப்பில் ஒன்பது. பிஸ்னஸ் கிளாஸ் வாங்கியிருந்தாலும் றம்பொடை வளைவு வளைவாகத்தான் இருந்திருக்கும்.

மலையகத்தில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கொழும்புக்காரருக்குப் பிரயாணம் விமான நிலையத்தில் ஆரம்பிக்கிறது. நமக்கு ஐந்து, ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கம்பளை, கண்டிப் பக்கமாகப் போனாலும் ஹட்டன், அவிசாவளைப் பக்கமாகப் போனாலும் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். 2013 இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் 2022 இல் மீரிகம - குருநாகல் அதிவேகப் பாதையும் திறந்தது நல்லதுதான். ஆனால் நம் மலைப் பாதையின் நேரம் அதனால் குறையவில்லை. மழைக் காலத்தில் மண்சரிந்தால் அதுவுமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டு வீதிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையொன்று, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பிரயாணம் செய்தால் கால் நாளங்களில் இரத்தம் கட்டும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று சொல்கிறது. நல்ல தேகசுகம் உள்ளவர்களில் அது சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவு. பலர் இதை விமானத்து நோய் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அப்படியென்றால் நம்மூர் வேன் பயணத்திலேயே அந்த நான்கு மணித்தியாலம் கழிந்துவிடுகிறது. அமெரிக்காவின் மார்பு நோய் வைத்தியர்கள் கல்லூரி 2012 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இன்னொரு விடயம் இருக்கிறது. எகொனமி வகுப்பில் இருப்பதால்தான் இந்த அபாயம் கூடுகிறது என்பதற்குத் தகுந்த ஆதாரமில்லை, ஜன்னலோரத்தில் எழும்பாமல் இருப்பதுதான் கூட்டுகிறது என்பது அது. நடைபாதைப் பக்க ஆசனம் எந்த வகுப்பிலும் இருக்கிறது. முன்பு இரத்தம் கட்டியவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் எந்த டிக்கட் எடுத்தாலும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இங்கே நம்மூருக்குப் பெருமையான ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டித்தான் வைக்கிறார்கள். ஒழுங்குவிதிகள் அனுமதிக்கும் எல்லை 8,000 அடி. அதாவது பீதுருதாலகால உச்சிக்குச் சற்றுக் கீழே இருப்பது போன்ற காற்று. போயிங் 787, எயார்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அதை 6,000 அடி அளவுக்கு இறக்கியிருக்கிறார்கள். நுவரெலியா நகரம் 6,128 அடி. விமான நிறுவனங்கள் பெருமையாக விளம்பரம் செய்யும் அந்தக் காற்றை நாம் பிறந்ததிலிருந்து இலவசமாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம்! ஒரே வித்தியாசம், இங்கே மூடுபனி, அங்கே வறட்சி. விமானத்துக்குள் ஈரப்பதன் நூற்றுக்கு 20 வீதத்துக்கும் குறைவு. ஆகவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களிடம் உள்ள பெரிய பிழை. எழுந்து நடந்தால் காலுக்கும் நல்லது.

வியாபாரப் பயணத்தின் கணக்கு வேறு. அங்கே கேள்வி காலைப் பற்றியதல்ல, மறுநாள் காலை மூளை வேலை செய்யுமா என்பதைப் பற்றியது. சில வருடங்களுக்கு முன் குவாங்சோவுக்கு இரவு விமானத்தில் போய், காலையில் இறங்கி, முகம் கழுவிய கையோடு மொத்தச் சந்தைக்குப் போனேன். கண் எரிகிறது, தலை சுற்றுகிறது. மழைக் கோட்டுக்கு ஓடர் கொடுக்கும்போது அளவு அட்டவணையைச் சரியாகப் பார்க்கவில்லை. சரக்கு வந்து பெட்டியை உடைத்தால் பெரியவர்களின் கோட்டு எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் போட முடிந்தது. விற்றவர்மீது பிழையில்லை, தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த நட்டத்தில் பிஸ்னஸ் கிளாஸில் ஒரு முறை போய் வந்திருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்வார்.

ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு பிஸ்னஸ் கிளாஸ் அல்ல. அதன் பிறகு ஒரு நாள் முந்திப் போகிறேன். இறங்கியதும் ஹோட்டலில் குளித்து, தொழுது, நன்றாகத் தூங்குகிறேன். சந்தைக்கு மறுநாள்தான். ஆகாயத்தில் ஓர் இரவு படுப்பதற்கு இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள். தரையில் அதைவிட அகலமான கட்டில் ஆடாமல் அசையாமல் ஒரு நாள் ஹோட்டல் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் கூடப் போகிறதே என்று சொல்பவர்கள், அந்த ஒரு நாளில் தங்கள் கடையில் உண்மையான இலாபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளட்டும். அது டிக்கட் வித்தியாசத்தை விடக் கூடுதலானவர்களுக்கு பிஸ்னஸ் கிளாஸ் தாராளமாகப் பொருந்தும். நம்மில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே.

எனக்குத் தெரிந்த இரத்தினக்கல் வியாபாரி ஒருவர் இருக்கிறார். ஆறடி உயரம், முதுகெலும்பில் வட்டு விலகியவர், வருடத்துக்கு நான்கு, ஐந்து முறை ஐரோப்பா போகிறார். அவர் பிஸ்னஸில்தான் போவார். "படுத்துப் போகாவிட்டால் நான் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்" என்பார். அவருடைய செலவை யாரும் வீண்விரயம் என்று சொல்ல முடியாது. அதே வகுப்பில், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காகப் போய், அந்த டிக்கட் காசைக் கடனட்டையில் போட்டு இரண்டு வருடம் வட்டி கட்டியவரும் எனக்குத் தெரியும். காலை நீட்டியது பதினொரு மணித்தியாலம், வட்டி கட்டியது இருபத்து நான்கு மாதம். வட்டியைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனபோது, வெளிநாட்டு டிக்கட்டுகளைக் கடனில் எடுத்தவர்கள் பட்டதையும் பார்த்தோம்.

பெரிய தொகை கொடுக்காமலே வாங்கக்கூடிய வசதிகள் பலவற்றை நம்மவர்கள் கேட்பதே இல்லை. சக்கர நாற்காலி உதவி இலவசம், டிக்கட் போடும்போதே சொல்லிவிட வேண்டும். ஹலால் சாப்பாடும் அப்படித்தான். காலை நீட்ட இடமுள்ள முன்வரிசை ஆசனத்தைச் சிறு மேலதிகக் கட்டணத்துக்குப் பல நிறுவனங்கள் தருகின்றன. விமானம் எந்த வகை என்றும் கேளுங்கள். எயார்பஸ் ஏ330 இல் பெரும்பாலும் ஒரு வரிசைக்கு 2-4-2 என்று எட்டு ஆசனங்கள். ஓரத்து இரண்டில் கணவன், மனைவி மட்டும் இருக்கலாம். அந்நிய ஆண் பக்கத்தில் இருப்பானே என்ற சங்கடம் நம் பெண்களுக்கு இல்லை. இதற்கு முந்திப் பதிவு செய்வது நல்லது. எல்லாவற்றையும் விட, நேரடி விமானம் கிடைக்கும் காலத்தில் பத்து, இருபது ஆயிரத்தைப் பார்க்காமல் அதை எடுப்பது வயதானவர்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம். இஹ்ராமோடு இறங்கி ஏறி அலைய வேண்டியதில்லை, மீகாத்தை அறிவிக்கும்போது நிய்யத் வைத்துக்கொண்டு அப்படியே போய் இறங்கலாம்.

இப்படியெல்லாம் கணக்குப் பார்த்த பிறகும், உம்மாவுக்கு பிஸ்னஸ் கிளாஸே போட்டுவிடுவோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த மூன்று நாள் மனதை விட்டுப் போகவில்லை. தங்கையையும் தம்பியையும் வைத்துக்கொண்டு உம்மாவிடம் சொன்னோம். உம்மா விலையைக் கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சல்லியில இன்னும் ரெண்டு பேர் உம்ரா போய் வரலாமே மகன்?" என்றார். பிறகு, பக்கத்து வீட்டில் கணவன் மௌத்தாகி இருக்கும், உம்மாவோடு சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன தோழியின் பெயரைச் சொன்னார். தோழிக்கும் மக்கா போக ஆசை, ஒரு முறையும் போனதில்லை, கேட்பாரும் இல்லை.

கடைசியில் இப்படி முடிவானது. நேரடி விமானம், நான்கு டிக்கட்டும் எகொனமி. உம்மாவும் தோழியும் ஓரத்து இரண்டு ஆசனத்தில், நடைபாதைப் பக்கம் உம்மா. தோழியோடு மஹ்ரமாக அவருடைய தம்பி வருகிறார், அவர் தன் டிக்கட்டைத் தானே எடுத்துக்கொள்கிறார். தோழியின் டிக்கட் எங்கள் மூவரின் பங்கில். பயணத்துக்கு முதல் நாள் பகலிலேயே மலையிறங்குகிறோம். கம்பளையில் சொந்தக்கார வீட்டில் பகல் சாப்பாடு, காலை நீட்டி ஓய்வு, இரவு நீர்கொழும்பில் தங்கல்.

தங்கை இன்னும் முழுமையாகச் சமாதானமாகவில்லை. போகும்போது சரி, பத்து நாள் நடந்து களைத்துத் திரும்பும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. திரும்பும் அன்று முன்னால் ஆசனம் வெறுமையாக இருந்தால் சில நிறுவனங்கள் விமான நிலையத்திலேயே குறைத்துக் கொடுப்பதுண்டு. அதற்கென்று ஒரு தொகையை ஒரு கவரில் போட்டுத் தங்கை என்னிடம் தந்திருக்கிறாள். உம்மாவிடம் சொல்லவில்லை.